வலை வேண்டாம், பாய் போதும்: ஹட் பேயில் வீட்டு கோல்ஃப்

வீட்டுக்குள் கோல்ஃப் பழக இடம் அமைப்பது எப்படி என்று தேடிப் பாருங்கள். பத்தடி உயரக் கூரையுள்ள கார் கொட்டகை, சுவரை மறைக்கும் திரை, அதில் ஸ்காட்லாந்து மைதானத்தைக் காட்டும் புரொஜெக்டர், பந்தின் வேகத்தை அளக்கும் ராடார் பெட்டி, மூலையில் ஒரு ஏ.சி. என்று ஒரே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்கப் புறநகர் வீட்டை மனதில் வைத்து எழுதியது அது. லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயில், தகரக் கூரை வீட்டில் இருப்பவர் அதைப் படித்தால் இரண்டில் ஒன்று நடக்கும். இதெல்லாம் நமக்கு ஆகாது என்று ஆசையை மூட்டை கட்டி வைப்பார். அல்லது ஒரு வலையையாவது கட்டிவிடுவோம் என்று கட்டி, பந்து எங்கே போகிறது என்றே தெரியாமல் மாதக்கணக்கில் அடித்துக்கொண்டிருப்பார். இரண்டுமே வேண்டாம் என்பது என் கட்சி. பன்னிரண்டடி நீளம் கிடைத்தால் போதும். அதில் வலை கட்டாதீர்கள், திரை மாட்டாதீர்கள். பந்தைத் தரையில் உருட்டிக் குழியில் விழவைக்கும் பட்டிங்குக்கு மட்டும் அந்த இடத்தைக் கொடுங்கள். ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று சமாதானம் சொல்வதாக நினைக்க வேண்டாம். கையில் தாராளமாகக் காசு இருந்தாலும் ஹட் பேக்கு இதுதான் சரி என்கிறேன்.

ஏன் வீட்டுக்குள் என்பதற்கு ஊரின் இருப்பிடமே பாதி பதில். இந்திய நேரத்தை 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுகிறோம். ஹட் பே ஏறக்குறைய 92.5 டிகிரியில் இருக்கிறது. பத்து டிகிரி கிழக்கே என்றால் சூரியன் நாற்பது நிமிடம் முந்திக்கொள்ளும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஜூனிலும் அஸ்தமனம் ஆறு மணியைத் தொடுவதில்லை. அலுவலகத்தையோ கடையையோ முடித்துக்கொண்டு வீடு திரும்புபவருக்கு வெளிச்சம் மிச்சமிருக்காது. காலையில் ஐந்து மணிக்கே வெளுத்துவிடுகிறதே என்று கேட்கலாம். வெளுக்கிறதுதான், ஆனால் மழை விட வேண்டுமே. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமும் பெய்து, அந்தமானில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டர் அளவுக்குப் போகிறது. மே மாதத்தில் தொடங்கினால் டிசம்பர் வரை தரை காய்வது அபூர்வம். எந்தப் பயிற்சிக்கும் முதல் தேவை ஒழுங்காகத் தினமும் நடப்பது. வானத்தைக் கேட்டுக்கொண்டு நடக்கும் பயிற்சி நிலைக்காது.

கடற்கரை இருக்கிறதே, பட்லர் பேயில் மைல்கணக்கில் மணல் கிடக்கிறதே என்பது அடுத்து வரும் யோசனை. அதைவிட மோசமானது, பந்துகளைக் கடலுக்குள் அடித்துப் பழகலாம் என்பது. சொகுசுக் கப்பல்களின் மேல்தளத்திலிருந்து கடலுக்குள் கோல்ஃப் பந்து அடிப்பது ஒரு காலத்தில் பெரிய வேடிக்கையாக இருந்தது. கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் போடுவதைச் சர்வதேச விதிகள் தடுத்தபிறகு அது நின்றுபோனது. கலிபோர்னியாவில் கடலோர கோல்ஃப் மைதானங்களை ஒட்டிய கடலடியில் மூழ்கி மூழ்கி, ஒரு பள்ளி மாணவியும் அவருடன் சேர்ந்தவர்களும் 50,000-க்கு மேற்பட்ட பந்துகளை எடுத்தார்கள். 2019-இல் அது ஓர் ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. அலையில் உராய்ந்து உராய்ந்து அந்தப் பந்துகள் நுண்ணிய பிளாஸ்டிக்காகத் தேய்கின்றன. லிட்டில் அந்தமானின் தெற்கு, மேற்குக் கரைகளில் தோணியாமை எனப்படும் பெருங்கடலாமை முட்டையிட வருகிறது. அந்தக் கடலுக்கு நாம் பந்தைப் பரிசளிக்க வேண்டாம். பந்தைக் கடலில் விடாமல் மணலிலேயே பழகினாலும் உப்பு மட்டையை அரிக்கும், மணல் ஈ காலைக் கடிக்கும், ஓடைகளின் முகத்துவாரத்தில் முதலை பயம் வேறு. எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வரலாம். தினசரிப் பயிற்சிக்கு உகந்த இடமல்ல.

அப்படியானால் தீவுக்கு ஒரு கோல்ஃப் மைதானம் கேட்கலாமே என்றால், அதற்குத்தான் எனக்குக் கடுமையான மறுப்பு. பதினெட்டுக் குழி மைதானம் 120 முதல் 200 ஏக்கர் வரை விழுங்கும். காட்டை அழித்துச் சமன் செய்து, ஒரே வகைப் புல்லை நட்டு, உரமும் பூச்சிமருந்தும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அது மைதானமாக நிற்கும். லிட்டில் அந்தமானின் பெரும்பகுதி காடு. 1957-இல் பழங்குடி ஒதுக்கீடாக அறிவிக்கப்பட்ட தீவு அது. பிறகுதான் குடியேற்றத்துக்காகக் கிழக்குக் கரையை ஒட்டி நிலம் பிரிக்கப்பட்டது. தீவின் பழங்குடிகளான ஓங்கே மக்கள் இன்று நூற்றுச் சொச்சம் பேர்தான். நிதி ஆயோக் இந்தத் தீவுக்கு வரைந்த பெருநகரத் திட்டம் வெளியே தெரியவந்தபோது, காட்டையும் ஓங்கே நிலத்தையும் அது எவ்வளவு கேட்கிறது என்பதுதான் சர்ச்சையின் மையமாக இருந்தது. பெருநகரத்திலேயே கோல்ஃப் நிலம் கேள்விக்குள்ளாகிறது என்பதற்கும் உதாரணம் உண்டு. சென்னை கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு ரத்து செய்து, 160 ஏக்கரைக் கையகப்படுத்தியது. ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடலும் அந்த வளாகத்துக்குள்தான் இருந்தது. அதை எதிர்த்து நடக்கும் வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு விஷயம். சிலர் ஆடுவதற்குப் பலர் நிலம் என்ற கணக்கு எங்கேயும் இனி எளிதில் செல்லாது என்பதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அறைக்குள் பழகும் கோல்ஃப் ஒரு மரத்தையும் கேட்பதில்லை.

சரி, அறைக்குள் எதைப் பழகுவது? கோல்ஃபின் சாதாரணக் கணக்கு இது: பதினெட்டுக் குழிக்கு 72 அடி என்று நிர்ணயித்தால், ஒவ்வொரு குழிக்கும் இரண்டு உருட்டல் என்று 36 அடி பட்டிங்குக்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. சரிபாதி. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரின் அதிதி அசோக் இந்தக் கணக்கை உலகத்துக்கே காட்டினார். 2021-இல் நடந்த அந்தப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர் கொரோனாவிலிருந்து மீண்டிருந்தார். தூரம் அடிப்பதில் களத்தில் கடைசி வரிசையில் இருந்தார். மற்றவர்களின் பந்து அவருடையதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பட்டிங்கில் அவருக்கு இணையாக அங்கே யாரும் இல்லை. ஒரே ஓர் அடியில் பதக்கம் நழுவி நான்காவதாக வந்தார். ஆண்களில் எஸ்.எஸ்.பி. சௌராசியா இன்னொரு சாட்சி. ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன். தூரத்தை நம்பாமல், குழியருகே காட்டும் கைத்திறனை நம்பி நான்கு ஐரோப்பிய டூர் பட்டங்களை வென்றவர். அந்தத் திறமையை வைத்தே, சிப், பட் என்ற குழியருகு அடிகள் இரண்டையும் பெயரோடு கலந்து, சக ஆட்டக்காரர்கள் அவருக்குச் 'சிப்புட்சியா' என்று பட்டப்பெயர் சூட்டினார்கள்.

இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர் ஒருவர் எழுந்து நின்று மறுக்கலாம், மறுக்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான பி.ஜி.ஏ. டூரில் பதிவான லட்சக்கணக்கான அடிகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு புத்தகம் எழுதினார். முன்னணி ஆட்டக்காரர்களை மற்றவர்களிடமிருந்து உயர்த்துவதில் பட்டிங்கின் பங்கு 15 சதவீதம்தான், மூன்றில் இரண்டு பங்கு தொலைதூர அடிகளால் வருவது என்பது அவர் கண்ட முடிவு. பட்டிங்தான் பணம் என்ற பழைய நம்பிக்கையை அது உடைத்தது. இதை மழுப்பிவிட முடியாது. ஆனால் பிராடி அளந்தது ஆட்டக்காரர்களுக்கு இடையிலான வித்தியாசத்தை. உலகத் தரத்தில் எல்லோருமே நன்றாக உருட்டுவதால் அங்கே வித்தியாசம் குறைகிறது. அவரே, ஒரு போட்டியை வென்ற வாரத்தை மட்டும் எடுத்தால் பட்டிங்கின் பங்கு 35 சதவீதம் வரை ஏறுகிறது என்றும் காட்டியிருக்கிறார். என் பதிலின் முக்கியமான பகுதி அதுவும் அல்ல. எது பெரியது என்பது மைதானம் பக்கத்தில் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி. மைதானமே இல்லாத தீவில் கேட்க வேண்டியது, எந்தப் பயிற்சி உள்ளதை உள்ளபடி சொல்லும் என்பதே. எட்டடியில் உருட்டிய பந்து விழுந்ததா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அறையில் நடந்ததுதான் மைதானத்திலும் நடக்கும். வலையில் அடித்த பந்து மூன்று மீட்டரில் நின்றுவிடுகிறது. அது 200 மீட்டர் போயிருக்குமா, வலப்பக்கம் வளைந்து காட்டுக்குள் விழுந்திருக்குமா என்று வலைக்குத் தெரியாது, அடித்தவருக்கும் தெரியாது. தவறான வீச்சை ஆயிரம் முறை அடித்து உறுதிப்படுத்திக்கொள்ள வலையைப் போல வசதியான கருவி வேறில்லை.

டைகர் உட்ஸ் கார் கொட்டகையில் அப்பா வலைக்குள் அடிப்பதைப் பார்த்துத்தானே தொடங்கினார் என்று கேட்பவர்கள், அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே கடற்படையின் கோல்ஃப் மைதானம் இருந்ததை மறந்துவிடுகிறார்கள். ராடார் பெட்டி வைத்தால் வலையும் பேசுமே என்றால், பேசும். அதற்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். ராடார் வகைக் கருவிக்குப் பந்தின் பின்னால் சில மீட்டர், முன்னால் சில மீட்டர் வெற்றிடம் வேண்டும். கேமரா வகை பக்கத்திலேயே உட்காரும், விலை உட்காராது. தொலைதூரம் அடிக்கும் டிரைவர் மட்டையின் நீளம் 45 அங்குலம். நின்று முழுதாக வீச ஒன்பதடி உயரமாவது வேண்டும், பத்தடி இருந்தால்தான் நிம்மதி. நம் வீடுகளில் மின்விசிறியின் இறக்கையே எட்டு, எட்டரை அடியில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மீன்வலை இருக்கிற ஊரில் வலைக்கு என்ன பஞ்சம் என்று துணிபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர். கண்ணி அதைவிட நன்றாகச் சிறியதாக இருக்க வேண்டும், வலை தளர்வாகத் தொங்க வேண்டும். இறுக்கிக் கட்டினால் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து அதே வழியில் திரும்பி வரும். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்குவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிமுலேட்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. நிலம் குறைந்த தென் கொரியாவில் 2000-இல் தொடங்கிய கோல்ஃப்ஜோன் போன்ற நிறுவனங்கள் திரை கோல்ஃபைத் தெருவுக்குத் தெரு கொண்டுவந்துவிட்டன. 2025 ஜனவரியில் உட்ஸும் ரோரி மெக்கில்ராயும் கூரைக்குள் ஆடும் டி.ஜி.எல். என்ற போட்டியையே தொடங்கினார்கள். சென்னையிலிருந்து வரும் கடலடி இணையக் கேபிள் 2020 ஆகஸ்டில் லிட்டில் அந்தமானையும் தொட்டுவிட்டதால், ஹட் பேயில் இணையம் இல்லை என்ற சாக்கும் போய்விட்டது. ஆனால் கொரியாவில் அது கடை. வாடகை கொடுத்துப் பலர் பகிர்ந்துகொள்ளும் அறை. ஹட் பேக்கும் அப்படி ஒன்று வரட்டும், பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ வரட்டும். ஈரமும் உப்புக்காற்றும் புரொஜெக்டரின் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கவைக்கும் ஊரில், அதைப் பராமரிக்கும் பாரத்தை ஒரு குடும்பத்தின் தலையில் ஏற்ற வேண்டாம். இணையத்தின் உண்மையான பயன் வேறு: உருட்டும்போது கைபேசியில் எடுத்த படத்தைச் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் பயிற்சியாளருக்கு அனுப்பித் திருத்தம் கேட்கலாம்.

இனி அறைக்கு வருவோம். பன்னிரண்டடியில் நிற்க இரண்டடி, குழிக்குப் பின்னால் இரண்டடி போக, எட்டடி மிஞ்சும். பிராடியின் கணக்குப்படி உலகின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்களே பாதியைத் தவறவிடும் தூரம் சரியாக அந்த எட்டடிதான். 90 முறை அடித்து ஆட்டத்தை முடிக்கும் சாதாரண ஆட்டக்காரருக்கு அந்தப் பாதிக்குப் பாதி ஐந்தடியிலேயே வந்துவிடுகிறது. ஆகவே அறை சின்னது, சீக்கிரம் அலுத்துவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம், 108 மில்லிமீட்டர். எட்டடியிலிருந்து பந்து அதற்குள் போக, புறப்படும் திசை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒன்றேகால் டிகிரிக்கு மேல் விலகக்கூடாது. மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பந்து பெரும்பாலும் அந்தப் பக்கமே புறப்படுகிறது. எனவே முதல் வேலை ஒரு நேர்கோடு. கொத்தனாரின் நூலில் சுண்ணாம்புப் பொடி தடவிப் பாயின் மேல் அடித்தால் கோடு விழும். பந்தின் இருபுறமும் மட்டை நுழையும் அளவுக்கு இரண்டு சிறு கட்டைகளை வைத்தால் வாசல் கிடைக்கும். குழிக்குத் தரையைக் குடைய வேண்டாம். கழிவுநீருக்குப் போடும் நாலங்குல பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர். ஒரு துண்டைப் பாயில் நிறுத்திச் சுற்றிலும் சாக்பீஸால் வரைந்தால் குழியின் வட்டம் கிட்டத்தட்ட அப்படியே வந்துவிடும். பந்து வட்டத்தின் மேலேறி, தாண்டி ஒன்றரை அடிக்குள் நின்றால் அது விழுந்த பந்து. உண்மைக் குழியைவிட இது நல்லது என்றுகூடச் சொல்வேன். திசையோடு வேகத்தையும் இது கண்டிக்கிறது.

தரையை ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள். கழுவிய தண்ணீர் வாசல் பக்கம் ஓடட்டும் என்று கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். பலர் அதைக் குறையாக நினைத்துப் பலகை போட்டுச் சமன்செய்வார்கள். வேண்டாம். மைதானத்தில் சமதரை எங்கேயும் கிடையாது. வாட்டத்துக்குக் குறுக்கே பாயை விரித்தால் வளைவு, நெடுக்கே விரித்தால் ஏற்றமும் இறக்கமும். அடுத்தது பாயின் வேகம். எட்வர்டு ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் 1935-இல் ஓக்மான்டில் நடந்த யு.எஸ். ஓபனைப் பார்த்துவிட்டு, புல்தரையின் வேகத்தை அளக்க ஒரு சாய்பலகை செய்தார். பிற்பாடு வந்த அலுமினிய வடிவம் 36 அங்குல நீளம். 30 அங்குலத்தில் ஒரு பள்ளம். அதில் பந்தை வைத்து ஒரு முனையைத் தூக்கினால் ஏறக்குறைய 20 டிகிரியில் பந்து கழன்று உருளும். எத்தனை அடி உருண்டதோ அதுவே வேகம். ஜன்னல் செய்பவரிடம் ஒரு துண்டு அலுமினியச் சேனல் கேட்டால் நாமே செய்துகொள்ளலாம். குழியைச் சுற்றியுள்ள நல்ல புல்தரையில் பந்து பத்தடி உருளும், நம் பாயிலோ சுவரில் போய் முட்டும். அதே சாய்வில் 15 அங்குலத்திலிருந்து விட்டால் உயரம் பாதி, ஓட்டமும் பாதி. அளந்து இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். வெறும் சிமெண்ட் தரை மிக வேகம், தென்னைநார் விரிப்பு குலுக்கும். குட்டை மயிர்க் கம்பளம்தான் நடுவழி. தென்னைநார் மிதியடி சும்மா கிடக்க வேண்டாம். அதன் மேலிருந்து ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தைச் சற்றே தூக்கி எட்டடி தள்ளியுள்ள வாளியில் விழவைத்தால், சிப்பிங்குக்கும் கை பழகும்.

இது பணக்காரர் விளையாட்டுதானே, தீவில் யாருக்கு என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. கிளப்பின் கதவு பணக்காரருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் டெல்லியில் மட்டை சுமந்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓபனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். மும்பை செம்பூரில் கிளப்பை ஒட்டிய குடிசைப் பகுதிப் பையன்கள் வளைத்த இரும்புக் கம்பியாலும் பிளாஸ்டிக் பந்தாலும் சந்துகளிலேயே ஆடினார்கள். மட்டை ஒன்று, பந்து மூன்று, கம்பளம் ஒரு துண்டு என்பது எந்தச் சம்பளக்காரரும் தாங்கும் செலவு. முழு வீச்சு தெரியாமல் பட்டிங் மட்டும் தெரிந்தால் கோல்ஃப் தெரிந்ததாகிவிடாது என்பதும் உண்மை. அதை விடுமுறையில் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும்போது ஒரு பயிற்சியாளர் கண்முன்னால் கற்றுக்கொள்ளுங்கள். பாதி ஆட்டம் கையில் இருக்க அங்கே போய் நிற்பவர், வலையில் பழகிய கோணலோடு போய் நிற்பவரைவிடச் சீக்கிரம் முன்னேறுவார்.

வாங்குவதில் சில எச்சரிக்கைகள். ரப்பர் நுரை ஒட்டிய பாய் நம் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். சுருட்டி வைக்காமல், வாரம் ஒருமுறை தூக்கி நிறுத்திக் காற்றாட விடுங்கள். அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த சாய்தளங்கள் ஊதிவிடும், பக்கமே போகாதீர்கள். மட்டையின் தலை துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், ஆடியதும் உலர்ந்த துணியால் துடையுங்கள். சரக்கு சென்னையிலிருந்து அந்தமான் தலைநகரான ஸ்ரீ விஜயபுரம் வந்து, அங்கிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர் கடல் தாண்டி ஹட் பே வர வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் நாள் தள்ளிப்போகும். கம்பளமும் மட்டையும் வேண்டுமென்றால் ஏப்ரலுக்குள் வரவழைத்துவிடுங்கள்.